ஸ்கேன் அறைக்குள் வந்த சட்டம்: தருமபுரிக் குறிப்புகள்

எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் அந்தப் பலகை இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம், அது சட்டப்படி குற்றம் என்று. நாம் அதை நின்று வாசிப்பதில்லை. ஆனால் ஆய்வுக்கு வருகிற அதிகாரி பார்க்கிற விஷயங்களில் அதுவும் ஒன்று. தருமபுரியை வைத்துக்கொண்டு இந்த ஆய்வின் வரலாற்றைப் படித்தால், ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது: ஆய்வு எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க முடியாமல் போகிறது?

முதலில் 1990கள். சேலம், தருமபுரி, மதுரைப் பகுதிகளில் பெண் சிசுக்கொலை பற்றி நாடே பேசிய காலம். 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. 2001ல் தருமபுரிக்கும் வந்தது. இடையில் தெருநாடகக் கலைக்குழுக்கள் மாவட்டத்தின் ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு வந்தன.

இந்தக் கொலைகள் எப்படி வெளியே தெரிந்தன? போலீஸ் ரிக்கார்டு வழியாக மட்டும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில், இறந்த பச்சிளம் பெண் குழந்தைகள் சிலருக்கு எதிரே 'சமூகக் காரணம்' என்று எழுதப்பட்டிருந்தது. ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்தப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்து 1997ல் கட்டுரை எழுதினார்கள். இரண்டே வார்த்தை. ஆனால் என்ன நடந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது, இல்லையா?

பிறகு ஸ்கேன் வந்தது. பிறந்த பின் நடந்தது பிறப்பதற்கு முன்பே நடக்க ஆரம்பித்தது. அதைத் தடுக்க 1994ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, 1996 ஜனவரி 1 முதல் அமல். அமல் என்றாலும் பல ஆண்டுகள் காகிதத்தில்தான் கிடந்தது. செகாட், மாசும் என்ற இரு அமைப்புகளும் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2001ல் கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் பதிவும் சோதனையும் சூடுபிடித்தன. 2003ல் சட்டம் திருத்தப்பட்டு இன்னும் இறுகியது.

இப்போது ஆய்வில் என்ன பார்க்கிறார்கள்? பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா, எந்த மெஷினுக்குப் பதிவு, யார் ஸ்கேன் பார்க்கிறார், கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 'படிவம் எஃப்' நிரப்பியிருக்கிறதா. தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் இந்தப் பொறுப்பு மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருடையது. பதிவான ஒவ்வோர் இடத்தையும் 90 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று விதி.

டாக்டர்களுக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. ஒரு கட்டம் நிரப்ப விட்டுப்போனாலே கிரிமினல் வழக்கா என்று மகப்பேறு மருத்துவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. படிவம் எஃப் வெறும் குமாஸ்தா வேலை இல்லை, குற்றத்தைக் கண்டுபிடிக்க இருக்கிற வழியே அதுதான் என்று 2019 மே மாதம் தீர்ப்பு வந்தது. எனக்கு இரண்டு பக்க நியாயமும் புரிகிறது. நேர்மையாக நடத்துகிறவருக்கு அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அந்தக் காகிதத்தையும் எடுத்துவிட்டால் அதிகாரி வந்து எதைப் பார்ப்பார்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பதிவு செய்தவர் வீட்டுக் கதவைத்தான் ஆய்வு தட்ட முடியும். அண்மை ஆண்டுகளில் தருமபுரி மாவட்டத்தில் பிடிபட்ட வழக்குகளைப் பாருங்கள்: டாக்டர் அல்லாதவர்கள், கையில் தூக்கிப்போகிற மெஷினோடு, வீடுகளில் வைத்து ஸ்கேன் பார்த்ததாகத்தான் செய்திகள். அந்த மெஷினைப் பதிவான இடத்துக்கு வெளியே இப்படிக் கொண்டுபோகக் கூடாது என்று 2012லேயே விதி வந்துவிட்டது. பலகையும் இல்லை, படிவமும் இல்லை என்றால் 90 நாள் கணக்கு அங்கே எப்படிப் போகும்?

பொதுவான கிளினிக்குகளின் கதையும் கொஞ்சம் இப்படித்தான். தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த தமிழ்நாடு 1997லேயே சட்டம் போட்டது. அதற்கான விதிகள் வந்தது 2018ல். இருபத்தியொரு வருஷம்!

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 2001ல் 826 பெண் குழந்தைகள்தான். 2011ல் அது 910ஐத் தாண்டியது. மாநில சராசரி அப்போது 943. இந்த ஏற்றத்தை ஸ்கேன் சட்டத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. தொட்டில், கலைப்பயணம், பெண்களின் படிப்பு, வீடு வீடாகப் போன கிராம செவிலியர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

அதனால் என் முடிவு இது. கிளினிக் பதிவேட்டைச் சோதிப்பது அவசியம், அது மட்டும் போதாது. ஊரின் பிறப்புக் கணக்கையும் அதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். எந்த ஊரில், எத்தனையாவது பிரசவத்தில் பெண் குழந்தைகள் குறைகிறார்கள் என்பது அதில்தான் தெரியும். 'சமூகக் காரணம்' என்று எழுதிய பழைய பதிவேடு செய்த வேலை அதுதானே.

அடுத்த முறை வீட்டில் யாருக்காவது கர்ப்ப ஸ்கேன் எடுக்கப் போனால், படிவம் எஃப்பில் கையெழுத்துப் போடும் முன் வாசித்துப் பாருங்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்ற தாயின் உறுதிமொழி அதில் இருக்கிறது.