இரு போர் கண்ட கலெகன்



'ஜப்பான்காரன் காலம்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காலத்தில் நம் மண்ணில் போரிட்ட ஓர் ஆஸ்திரேலியரைப் பற்றி இன்று பேசுவோம்.

அவர் பெயர் ஃபிரடெரிக் கலெகன். 1897இல் பிறந்தவர். அஞ்சல் இலாகாவில் வேலை பார்த்த இளைஞர், 1916இல் முதல் உலகப் போருக்குப் பெயர் கொடுத்தார். ஐரோப்பியப் போர்முனையில் இருமுறை காயம்பட்டு ஊர் திரும்பினார். அதன் பிறகும் படையை விடவில்லை. 1941இல் மலாயா வந்தபோது அவர் ஒரு பட்டாளத்துக்கே தளபதி. மிகவும் கண்டிப்பானவர், சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் 'பிளாக் ஜாக்'.

1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் கோல சிலாங்கூரை நெருங்கினர். பத்தாங் பெர்ஜுந்தை, செரண்டா, ரவாங் என்று நம் வட்டாரம் ஒவ்வொன்றாக விழுந்தது. இங்கே அவர்களை எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். ஜனவரி 11இல் கோலாலம்பூரும் போயிற்று. பெருஞ்சடக்கில் தடுத்தால், ரப்பர்க் காட்டுப் பாதைகளில் சைக்கிளில் சுற்றி வந்துவிடுவார்கள். ஜப்பானியரின் தந்திரமே அதுதான்.

அந்தச் சைக்கிள் படைக்குத்தான் கலெகனின் ஆட்கள் கெமாஸ் அருகே, கெமெஞ்சே பாலத்தில் வலை விரித்தார்கள். ஜனவரி 14ஆம் தேதி மாலை, சில நூறு பேரைப் பாலத்தைக் கடக்க விட்டார்கள். பிறகு பாலத்தை வெடி வைத்துத் தகர்த்து, இருபுறமும் சுட்டார்கள். ஆனால் தொலைபேசிக் கம்பி அறுபட்டதால் பீரங்கிகளை அழைக்க முடியவில்லை. மறுநாள் சண்டைக்குப் பின் பட்டாளம் பின்வாங்கியது. ஒரு மாதத்தில், பிப்ரவரி 15இல், சிங்கப்பூரும் வீழ்ந்தது.

கலெகன் சாங்கியில் கைதியானார். அங்கும் சவரம், சலாம், அணிவகுப்பு எல்லாம் தவறக்கூடாது. பசித்த வயிற்றோடு இது எதற்கு என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஒழுங்கு குலைந்தால் உயிரும் போகும் என்பது அவர் எண்ணம். அதில் நியாயம் இருந்தது என்றே நமக்குப் படுகிறது.

1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து ஏழாயிரம் கைதிகள் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே பாதைக்குத்தான் நம் தோட்டத்து மக்களும் போனார்கள். சிலருக்கு மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். மற்றவர்களை வளைத்துப் பிடித்தார்கள். இரு சாராரையும் வாரிக்கொண்டு போனது ஒரே காலரா.

விடுதலைக்குப் பின் நாடு திரும்பிய கலெகன் 1971இல் காலமானார். இரண்டு போர்களிலும் அவர் ஆற்றிய சேவை ஏட்டில் இருக்கிறது. சயாமில் இறந்த கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. பாதையோரக் குழிகளில் புதைத்த தமிழருக்கு அப்படி ஒரு பட்டியல் எழுதப்படவில்லை. 'சயாமுக்குப் போனவர்' என்று வீட்டில் சொல்லும் பேச்சில்தான் அவர்களில் பலருடைய பெயர் இருக்கிறது.