சட்டமும் ஜர்னலிசமும் ஒரே நேரத்தில் படிக்கலாமா? சேர்வதற்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"லாவும் படிக்கணும், ஜர்னலிசமும் படிக்கணும். இப்போதான் ரெண்டு டிகிரி ஒண்ணா படிக்கலாம்னு சொல்லிட்டாங்களே... காலையில ஒரு காலேஜ், சாயங்காலம் ஒரு காலேஜ்னு சேர்ந்துட்டா என்ன?"

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் நேரத்தில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. ஆசையில் தப்பில்லை. ஆனால் சட்டப் படிப்புக்கு மட்டும் கணக்கு வேறு. விதி தெரியாமல் இரண்டிலும் ரெகுலராகச் சேர்ந்தால், கறுப்பு கோட்டு போடும் நேரத்தில் சிக்கல் வரலாம். என்ன விதி, என்ன வழி? பார்க்கலாம்.

யுஜிசி என்ன சொன்னது?

ஒரே நேரத்தில் 2 படிப்புகளைப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 ஏப்ரலில் அறிவித்தது. வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால் இரண்டையும் நேரடியாகவே படிக்கலாம். இல்லையென்றால் ஒன்றை நேரடியாகவும் இன்னொன்றைத் தொலைதூரக் கல்வி அல்லது ஆன்லைனிலும் படிக்கலாம்.

ஆனால் அதே அறிவிப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தொழிற்படிப்புகளுக்கு அந்தந்தத் தொழில்முறை கவுன்சிலின் விதிகளும் பொருந்தும். சட்டப் படிப்புக்கு அந்த கவுன்சில், இந்திய பார் கவுன்சில்.

பார் கவுன்சில் விதி என்ன?

இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில், 2-வது அத்தியாயத்தின் 6-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. சட்டப் பட்டப்படிப்பில் இருக்கும் மாணவர், அதே நேரத்தில் வேறு பட்டப்படிப்பிலோ, முதுகலைப் படிப்பிலோ, சான்றிதழ் படிப்பிலோ பதிவு செய்யக் கூடாது.

விதிவிலக்கு 3 இருக்கிறது:

• ஒரே கல்வி நிறுவனம் நடத்தும் ஒருங்கிணைந்த பட்டப்படிப்பு. பி.ஏ. எல்.எல்.பி., பி.காம். எல்.எல்.பி. போன்ற 5 ஆண்டு படிப்புகள் இந்த வகைதான்.

• மொழி, கம்ப்யூட்டர் சார்ந்த குறுகிய கால, பகுதிநேர சான்றிதழ் படிப்பு.

• பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி மையம் நடத்தும் படிப்பு.

ஆக, ரெகுலர் எல்.எல்.பி.யும் ரெகுலர் ஜர்னலிசமும் ஒன்றாக முடியாது. ரெகுலர் எல்.எல்.பி.யோடு தொலைதூரக் கல்வியில் ஜர்னலிசம் படிக்க இடம் இருக்கிறது.

"யாரு கண்டுபிடிக்கப் போறாங்க" என்று விட்டுவிடவும் முடியாது. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் தருவதற்கு முன், வேறு ரெகுலர் படிப்பு எதுவும் படிக்கவில்லை என்று மாணவரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும் என்றது. படிக்கும்போது வேலை பார்த்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எல்.எல்.பி. படித்துக்கொண்டே முழுநேர ரிப்போர்ட்டராக இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

வெளிநாட்டில் மட்டும் எப்படி முடிகிறது?

ஆஸ்திரேலியாவில் சட்டத்தோடு ஜர்னலிசம் அல்லது தகவல் தொடர்பியலைச் சேர்த்து டபுள் டிகிரியாகப் படிப்பது வழக்கமான ஒன்று. அங்கே சட்டம் தனியாக 4 ஆண்டு, ஜர்னலிசம் தனியாக 3 ஆண்டு. சேர்த்துப் படித்தால் 7 ஆண்டு ஆகாது. ஒரு படிப்பின் பாடங்கள் இன்னொரு படிப்பின் விருப்பப் பாடங்களாகக் கணக்கில் வந்துவிடும். அதனால் பெரும்பாலும் சுமார் 5 ஆண்டில் இரண்டு பட்டமும் கையில் கிடைக்கும். ஒரே பல்கலைக்கழகமே திட்டமிட்டு நடத்துவதால்தான் இது சாத்தியம்.

ஆனால் அங்கே படித்துவிட்டு இந்தியாவில் வழக்கறிஞராக வேண்டும் என்றால், அந்தச் சட்டப் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும். அதற்கான தகுதித் தேர்வும் எழுத வேண்டும்.

அப்போ இங்கே என்ன வழி?

வழி 1: முதலில் ஜர்னலிசம், பிறகு சட்டம். இதழியலில் 3 ஆண்டு இளங்கலை, அதன்பின் 3 ஆண்டு எல்.எல்.பி. மொத்தம் 6 ஆண்டு. பார் கவுன்சில் விதிப்படி, 3 ஆண்டு எல்.எல்.பி.யில் சேர பொதுப்பிரிவினர் பட்டப்படிப்பில் குறைந்தது 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். இடையில் வேறு எண்ணம் வந்தாலும் கையில் ஒரு டிகிரி இருக்கும்.

வழி 2: முதலில் 5 ஆண்டு சட்டம், பிறகு ஜர்னலிசம். முதுநிலை டிப்ளமோ என்றால் ஓராண்டு அளவுக்குள் முடிந்துவிடும். சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் அப்படி ஒரு படிப்பை நடத்துகிறது. எம்.ஏ. என்றால் 2 ஆண்டு.

வழி 3: ஏற்கெனவே ஒரு டிகிரி முடித்து 3 ஆண்டு எல்.எல்.பி. படிப்பவர்கள், இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜர்னலிசம் முதுநிலை டிப்ளமோ படிக்கலாம். நேரமும் மிச்சம், செலவும் குறைவு. செய்தி எழுதும் பயிற்சியை மட்டும் நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

இரண்டும் தெரிந்தால் என்ன லாபம்?

ஒரு பள்ளியில் குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாக வழக்கு என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் பெயரைப் போடாமல் பள்ளியின் பெயரைப் போட்டால் போதும் என்று ஒரு நிருபர் நினைக்கலாம். போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பள்ளி, குடும்பம், வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் சிறைத் தண்டனை வரை போகும். அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, தகவல் அறியும் உரிமை என்று நிருபரின் அன்றாட வேலை எல்லாமே சட்டத்தைத் தொட்டுத்தான் நடக்கிறது.

தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிட முயன்றபோது சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம், அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது என்றது. பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரின் அனுமதி இல்லாமலும் எழுதலாம், அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமை மீறலாகலாம் என்றும் சொன்னது. இன்றைக்கும் சட்ட மாணவர்களும் இதழியல் மாணவர்களும் படிக்கும் தீர்ப்பு இது.

படித்த பிறகு இரண்டு வேலையும் பார்க்கலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பார் கவுன்சிலின் 49-வது விதிப்படி, பிராக்டிஸ் செய்யும் வழக்கறிஞர் எங்கும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. 51-வது விதி வழக்கறிஞர் இதழியலில் ஈடுபடலாம் என்கிறது. ஆனால் முழுநேர வேலை, விளம்பரம் தொடர்பான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு மட்டும். வழக்கறிஞராக இருந்துகொண்டே முழுநேரப் பத்திரிகையாளராக இருக்க முடியாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றத்திலும் பார் கவுன்சில் சொன்னது.

கட்டுரை எழுதலாம், டிவி விவாதத்தில் பேசலாம். ஆனால் சேனலில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு கோர்ட்டிலும் ஆஜராக முடியாது.

கோர்ட் செய்தியாளர் ஆவதுதான் இலக்கு என்றால் இன்னொரு தகவல். உச்ச நீதிமன்றத்தில் அங்கீகாரம் பெற்ற செய்தியாளராகச் சட்டப் பட்டம் கட்டாயம் என்ற நிபந்தனை 2024 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. டிகிரி இருந்தால் பலம், இல்லாவிட்டால் கதவு மூடாது.

சேர்வதற்கு முன் 3 கேள்வி

• நான் கோர்ட்டில் வாதாட வேண்டுமா, சட்டம் தெரிந்த பத்திரிகையாளராக வேண்டுமா?

• சேரப்போகும் சட்டக் கல்லூரிக்கு பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா?

• இரண்டாவது படிப்பு ரெகுலரா, தொலைதூரக் கல்வியா? தொலைதூரக் கல்வி என்றால் யுஜிசி அங்கீகாரம் உண்டா? சட்டக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டேனா?

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தாலே எதை முதலில் படிப்பது என்பது தெளிவாகிவிடும். ஒரு வருஷம் கூடப் போனாலும் பரவாயில்லை, 5 வருஷம் படித்த பட்டம் கேள்விக்குறியாகிவிடக் கூடாது.