அச்சப்பொருட் சொற்களும் வேற்றுமைத் தெரிவும்: ஆங்கிலப் பெயரடை – முன்னிடைச்சொல் உறவு குறித்து ஒரு தமிழிலக்கண வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆங்கிலத்தில் பெயரடை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முன்னிடைச்சொல்லை வேண்டி நிற்கிறது. அஞ்சுபவன் ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்றும், வல்லவன் ‘குட் அட்’ என்றும், சினந்தவன் ‘ஆங்கிரி வித்’ என்றும் சொல்லப்படுகிறான். ‘ஆஃப்’ ஏன், ‘ஃப்ரம்’ ஏன் இல்லை என்று மாணவர் வினவினால், மரபு அவ்வாறு என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. திருவேற்காடு, ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பள்ளிக்கல்வி முடித்து வரும் மாணவர், ‘அவன் மேல் கோபம்’ என்னும் தொடரை மனத்தில் வைத்து ‘ஆங்கிரி ஆன் ஹிம்’ என்று எழுதுவதை ஆங்கில ஆசிரியர் நன்கறிவர். இப்பிழைக்குத் தாய்மொழித் தலையீடு என்று பெயரிட்டுக் கடந்துவிடுவது வழக்கம். ஆயினும் தலையிடும் அந்தத் தாய்மொழி இதே சிக்கலைத் தன் இலக்கணத்துள் எவ்வாறு எதிர்கொண்டது என்பது போதிய அளவு வினவப்படவில்லை. அவ்வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

தொல்காப்பியத்தின் சொற்பட்டியல்கள்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமையியல், உருபுகளின் பொருளை வரையறுப்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வேற்றுமைக்கும் உரிய சொற்களை நீண்ட பட்டியல்களாகத் தருகிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு உரியனவாக அது எண்ணுபவை 28. வண்ணம், சுவை, வன்மை, முதுமை, புதுமை, அச்சம், தீர்தல், பற்றுவிடுதல் என அவற்றுட் பெரும்பாலானவை பண்பு குறித்த சொற்கள். ஆங்கில இலக்கணம் பெயரடை என்று வகுக்கும் பொருட்புலத்தைத் தமிழ் பெரும்பாலும் பண்புப்பெயராலும் குறிப்புவினையாலும் உணர்த்துவதால், இப்பட்டியலைப் பண்புச்சொல்லுக்கும் உருபுக்கும் இடையிலான உறவைப் பதிவு செய்த ஆவணமாகக் கொள்ளலாம். பட்டியலின் இறுதியில் இவை போன்ற பிறவும் அதன்பாற்படும் என்று ஆசிரியர் வழிவிட்டிருப்பதும் கருதத்தக்கது. முற்ற எண்ணி முடிக்கும் நோக்கம் அவருக்கு இல்லை.

நான்காம் வேற்றுமைக்கு உரியவற்றுள் நட்பு, பகை, காதல் ஆகியவை இடம்பெறுகின்றன. பகைமை குறித்த ஆங்கிலப் பெயரடையும் ‘ஹாஸ்டைல் டு’ என்றே அமைகிறது. இங்கு இரு மொழியும் ஒத்துச் செல்கின்றன. காதலிலோ ஒப்புமை முறிகிறது. ‘ஃபாண்ட் ஆஃப்’ என்பதில் ‘டு’வுக்கு இடமில்லை. தொல்காப்பியத்துள்ளும் காதல் ஓரிடத்தில் நிலைத்து நிற்கவில்லை. இரண்டாம் வேற்றுமைப் பட்டியலிலும் அது காணப்படுகிறது. வெகுளியும் இரண்டாவதற்கே உரியது. அஞ்சல் இரண்டாவதிலும், அச்சம் ஐந்தாவதிலும் வருகின்றன.

ஒரு பொருள் இரு வேற்றுமைக்கு உரியதாவதைத் தொல்காப்பியர் தற்செயலாக விட்டுவிடவில்லை. வேற்றுமை மயங்கியலில் அச்சப்பொருட் சொல்லுக்கு என்றே தனி நூற்பா உள்ளது. அச்சொல்லுக்கு ஐந்தாம் உருபும் இரண்டாம் உருபும் பொருள் குறைவின்றி ஒக்கும் என்பது அதன் கருத்து. ‘புலியை அஞ்சினான்’, ‘புலியின் அஞ்சினான்’ ஆகிய இரண்டும் வழுவற்றவை. உருபின் பொருள்மட்டும் தெரிவை முடிவு செய்வதாயின் இந்நூற்பாவுக்குத் தேவையே எழாது. ஐந்தாவது நீக்கமும் ஏதுவும் உணர்த்துவது. இரண்டாவது செயப்படுபொருளை உணர்த்துவது. இவ்விரண்டும் அச்சத்தின் முன் ஒத்து நிற்கின்றன என்றால், தெரிவில் அச்சொல்லுக்கே பங்கு உண்டு என்பது பெறப்படும். ஆங்கில ஆசிரியர் ‘மரபு’ என்று சுருக்கிக் கூறுவதை ஒரு சொற்புலத்தை எடுத்துக்கொண்டு விதியாக்கிய இடம் இது.

நன்னூலின் சுருக்கம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில் நிலை மாறுகிறது. தொல்காப்பியத்தின் நெடும்பட்டியல் ஐந்தாவதற்கு நீக்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் நான்கு பொருளாகச் சுருங்குகிறது. இரண்டாவதற்கு ஆறு பொருள்களே எஞ்சுகின்றன. அஞ்சல் அவற்றுள் பெயர் சுட்டப்படவில்லை. நான்காவதில் பகை நிற்கிறது, காதல் இல்லை. கற்பிக்கும் வசதி கருதின் இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. பள்ளிகளில் நன்னூல் நிலைபெற்றதற்கு இச்சுருக்கமும் ஒரு காரணம் எனலாம். ஆயின் சொல்லில் இருந்த செய்தி உருபின் பொருளுக்கு இடம்பெயர்ந்தது. உருபுக்குப் பொருள் உண்டு, அப்பொருளறிந்து மாணவர் அதனைச் சேர்ப்பர் என்னும் எண்ணம் இங்கு வலுப்பெறுகிறது.

அவ்வெண்ணம் வழக்கோடு முழுதும் இயையவில்லை. எல்லைப்பொருளை நன்னூலார் ஐந்தாவதற்கு உரியதாக்கினார். அவ்விதிப்படி ‘பூவிருந்தவல்லியின் வடகிழக்கு திருவேற்காடு’ என்று கூறல் வேண்டும். இன்று நாம் ‘பூவிருந்தவல்லிக்கு வடகிழக்கே’ என்கிறோம். அண்மையைச் சொல்ல ‘பூவிருந்தவல்லிக்கு அருகில்’ என்று நான்காவதையும், சேய்மையைச் சொல்ல ‘கடற்கரையிலிருந்து தொலைவில்’ என்று நீக்கப்பொருளையும் நாடுகிறோம். ஆங்கிலத்தில் திசைக்கு ‘ஆஃப்’, அண்மைக்கு ‘க்ளோஸ் டு’, சேய்மைக்கு ‘ஃபார் ஃப்ரம்’. அண்மையிலும் சேய்மையிலும் இரு மொழியும் வியக்கத்தக்க அளவு ஒத்துச் செல்ல, திசையில் மட்டும் பிரிகின்றன. இந்த மூன்று தொடர்களைக் கரும்பலகையில் எழுதிக்காட்டினாலே போதும். ‘கு என்றால் டு’ என்னும் சூத்திரம் எங்கு உதவும், எங்கு கைவிடும் என்பது மாணவர்க்குப் புலப்படும்.

இலத்தீன் சட்டகமும் கால்டுவெல்லும்

உருபுக்கு ஓர் அயல்மொழி இணை காணும் வழக்கம் ஐரோப்பியர் இயற்றிய தமிழிலக்கணங்களால் உறுதிப்பட்டது. சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனில் அமைந்து, 1738இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டது. இவை இலத்தீன் வேற்றுமைப் பெயர்களைத் தமிழுருபுகளுக்குச் சூட்டின. தமிழ் கற்கவந்த ஐரோப்பியருக்கு இது பயன்பட்டது. பின்னர் ஆங்கிலம் கற்கவந்த தமிழர்க்கு அதே சட்டகம் தலைகீழாகத் திரும்பி வந்தபோதுதான் இடர் நேர்ந்தது.

1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதனை ஒரு பக்கத்திலிருந்து நெருங்கினார். எட்டு வேற்றுமை என்னும் கணக்கு வடமொழி அமைப்பைத் தழுவியது. பெயரின்பின் சேரும் ஒவ்வொரு சொல்லுருபும் ஒரு வேற்றுமையை ஆக்குவதால் திராவிட மொழிகளின் வேற்றுமைகளுக்கு வரம்பு கட்டுதல் அரிது என்பது அவர் கருத்து. தொல்காப்பிய மரபை வடமொழிச் சார்பாக மட்டுமே கண்ட அவரது பார்வை முழுதும் ஏற்கத்தக்கதன்று. பட்டியல்களின் தனித்தன்மையை அவர் உரியவாறு மதிப்பிடவில்லை. எனினும் உருபுகளை ஆங்கில முன்னிடைச்சொற்களோடு ஒப்பவைத்து நோக்கும் வழியை அவர் திறந்தார். வேற்றுமை உருபை இடைச்சொல்லாகக் கொண்ட நம் மரபுக்கு அவ்வொப்பீடு அயலானதன்று.

ஆங்கிலத்தின் தடுமாற்றம்

ஆங்கில மரபும் நிலையானதன்று. வெறுப்பைக் குறிக்கும் ‘அவெர்ஸ்’ என்னும் பெயரடை, முகந்திருப்புதல் என்னும் பொருள்கொண்ட இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. ஆகலின் அதற்கு நீக்கப்பொருளுடைய ‘ஃப்ரம்’ என்பதே முறை, ‘டு’ பலரும் வழங்கினும் பொருந்தாது என்று சாமுவேல் ஜான்சன் தம் 1755ஆம் ஆண்டு அகராதியில் குறித்தார். வழக்கு அவர் பக்கம் நிற்கவில்லை. இன்று ‘அவெர்ஸ் டு’ என்பதே செந்நெறி. பற்றுவிடுதலை ஐந்தாவதில் வைத்த தொல்காப்பியர் இச்செய்தியை அறிந்திருப்பின் ஜான்சனோடு உடன்பட்டிருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்திய வகுப்பறைக்கு இவ்வரலாறு வந்துசேரவில்லை. வந்தது பட்டியல் மட்டுமே. 1930களில் இந்தியப் பள்ளிகளுக்காக ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய ஆங்கில இலக்கணம், பெயரடைகளை அவை ஏற்கும் முன்னிடைச்சொல்வாரியாக அடுக்கித் தந்தது. பொருளால் இனமான சொற்கள் அவ்வடுக்கில் சிதறிப்போயின. ஜப்பானிய மாணவரிடையே பணியாற்றிய ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி வேறு வழியை மேற்கொண்டது. சொல்லின் பொருளோடு அச்சொல் ஏற்கும் தொடரமைப்பையும் அதே பதிவில் காட்டியது. செய்தி சொல்லிடத்தே இருக்கவேண்டும் என்னும் அளவில், இந்நெறி நன்னூலினும் தொல்காப்பியத்துக்கு நெருக்கமானது.

இற்றைத் தமிழில் அச்சம்

தொல்காப்பியர் அளித்த இரு உருபுகளையும் அச்சம் இன்று பெரிதும் கடந்துவிட்டது. ‘புலியை அஞ்சினான்’ செய்யுள் நடையாயிற்று. ‘புலிக்குப் பயந்தான்’, ‘புலியைக் கண்டு பயந்தான்’ என்பன உரைநடையாயின. சினமும் இரண்டாவதை விட்டு ‘மேல்’ என்னும் சொல்லுருபை நாடியது. மாணவரின் ‘ஆங்கிரி ஆன்’ தோன்றும் இடம் இதுவே. ‘அவனை வெகுண்டான்’ என்னும் பழந்தமிழை மனத்திற்கொண்ட ஒருவர் வேறொரு பிழையைச் செய்திருப்பார். ஆகவே தாய்மொழித் தலையீடு என்னும்போது எக்காலத்துத் தமிழ் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

பேச்சுவழக்கில் இன்னும் ஒரு படி நிகழ்ந்துள்ளது. ‘எனக்குப் பாம்பு என்றால் பயம்’ என்கிறோம். அஞ்சுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்க, அஞ்சப்படும் பொருள் உருபேதும் ஏற்காமல் ‘என்றால்’ என்னும் எச்சத்தால் இணைகிறது. ‘பிடிக்கும்’, ‘உயிர்’, ‘அலர்ஜி’ முதலிய சொற்களும் இவ்வமைப்பை ஏற்கின்றன. ‘கோபம்’, ‘பொறாமை’ ஆகியவை எளிதில் ஏற்பதில்லை. எச்சொற்கள் ஏற்கும், எவை ஏற்கா என்பதை அகராதிப் பதிவாகத் தொகுத்தால், ‘என்றால்’ சொல்லுருபாகும் பாதையில் எவ்வளவு தொலைவு வந்துள்ளது என்பதை வரையறுக்க இயலும்.