கொத்துமல்லியும் கறிவேப்பிலையும்

தங்கவயல் மக்களுக்குப் பூதிகோட்டை புதிய ஊரன்று. பங்காருப்பேட்டை வட்டத்தில் குன்றுகள் சூழ அமைந்த அச்சிற்றூரில்தான் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐதர் அலி பிறந்தார். போர்க்களம் கண்ட ஐதரை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. பூங்கா கண்ட ஐதரை நாம் அத்துணை நினைப்பதில்லை. 1760ஆம் ஆண்டில் பெங்களூரில் லால்பாக் தோட்டத்திற்கு வித்திட்டவர் அவரே. அவருக்குப் பின் திப்பு சுல்தான் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் விதைகளையும் கன்றுகளையும் வருவித்து அதனை வளர்த்தார்.

1800ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர், பேத்தமங்கலத்தைக் கடந்து பெங்களூரை அடைந்து அத்தோட்டங்களைக் கண்டார். பாதையின் இருமருங்கும் அழகிய சைப்ரஸ் மரங்கள் நின்றதையும், திராட்சை நன்கு பயன் தந்ததையும் அவர் எழுதியுள்ளார். சைப்ரஸின் பழந்தாயகம் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையும் பாரசீகமும் ஆகும். பூதிகோட்டையில் பிறந்தவர் அமைத்த தோட்டத்தில் அத்தொலைநிலத்து மரம் வேரூன்றி நின்றது!

அரசரின் தோட்டத்திற்கு மட்டுமா மத்தியதரை நாட்டுச் செடிகள் வந்தன? நம் அடுக்களைக்கும் வந்தன. சந்தையில் காய் வாங்கினால் கொசுறாகக் கொத்துமல்லியும் கறிவேப்பிலையும் சேர்ந்தே கூடைக்குள் விழுகின்றன. இரண்டும் ஒரே கொல்லையில் பிறந்தவை போல நமக்குத் தோன்றும். ஆயினும் ஒரு செடியைக் கண்டால் தாவரநூலார் இரண்டு வினாக்களை எழுப்புவர். இது எக்குலத்தது? இது எந்நிலத்தது? முன்னது வகைப்பாடு, பின்னது பரவல்.

கொத்துமல்லியின் தாயகம் மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியும் அதனை அடுத்த மேற்காசியாவும் என்பர் அறிஞர். 3,300 ஆண்டுகட்கு முன் மறைந்த எகிப்திய மன்னன் தூத்தன்காமனின் கல்லறையிலும் அதன் விதைகள் கிடைத்தன. சீரகமும் அப்பக்கத்து விருந்தே. இவ்விரண்டும் சோம்பும் ஓமமும் குடைபோல் விரியும் பூங்கொத்தினால் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. கறிவேப்பிலையோ நம் நாட்டுக் காடுகளில் தானே வளர்வது. தமிழர் அதனை வேம்போடு உறவாக்கிப் பெயரிட்டனர். கன்னடத்தாரும் ‘கறிபேவு’ என வேம்பின் பெயரையே அதற்கும் இட்டனர். இலையை நோக்கினால் அவ்வுறவு பொருந்தும். பூவையும் கனியையும் நோக்கிய தாவரநூலாரோ, அது எலுமிச்சைக்கும் வில்வத்திற்கும் உறவு என முடிவு கண்டனர். இலை தோற்றத்தைக் காட்டும். பூ குலத்தைக் காட்டும்.

இவ்வாறு செடிகளை ஆராயும் முறைக்கு மேற்கே தொடக்கம் செய்தவர், கிறித்து பிறப்பதற்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ். அலெக்சாந்தரின் படையினர் கொணர்ந்த செய்திகளைக் கொண்டு நம் ஆலமரத்தையும் பருத்தியையும் அவர் தம் நூலில் குறித்தார். பின்னர் 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லின்னேயஸ், ஒவ்வொரு செடிக்கும் இரு சொற்களாலான பெயரிடும் முறையை நிலைநாட்டினார். அவர்தம் மாணவர் யோகான் கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழகத்துச் செடிகளைத் திரட்டித் தம் ஆசிரியருக்கு அனுப்பினார். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்குச் சூட்டிய பெயரில் கோனிக்கின் பெயரும் இடம் பெற்றது. ‘பெர்கெரா கோனிகீ’ என்பது அப்பெயர். இடையில் நெடுங்காலம் ‘முரயா கோனிகீ’ என வழங்கிப் பின் பழைய பெயருக்கே அது திரும்பியது. இரண்டிலும் கோனிக் நிலைத்திருக்கிறார்.

கோனிக்கிற்குப் பின் 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் பாதிரியாரும் செடி திரட்டுவதில் பேரார்வம் கொண்டவர். 1836இல் சென்னையில் மறைந்த அவர் தமிழ் - ஆங்கில அகராதியும் தொகுத்தவர் என்பது நாம் போற்றத்தக்கது. செடியையும் சொல்லையும் ஒருவரே சேர்த்துத் திரட்டினார்! செடியைச் சொல்லோடு அறிந்தவரிடம் கேட்டல்லவோ அவர் திரட்டியிருத்தல் வேண்டும்?

இங்கே நம் உள்ளம் ஒரு கணம் நிற்கிறது. கறிவேப்பிலையின் பெயரையும் பயனையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த உழவர், மருத்துவர், அடுக்களைத் தாய்மார் ஆகியோருள் ஒருவர் பெயரும் அச்செடிக்குச் சூட்டப்படவில்லை. ஆயினும் அவர்தம் சொல் அழியவில்லை. முருங்கை, ‘மோரிங்கா’ எனத் தாவரநூலில் ஏறிற்று. ‘கறி’ என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் புகுந்து உலகெங்கும் உலவுகிறது. ஆள் மறைந்தாலும் சொல் வாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தங்கவயலுக்கு நம் முன்னோர் வந்த கதையும் ஒரு பரவலின் கதையே. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கங்களை விரிவாக்கியபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் இம்மண்ணின் ஆழத்தில் உழைத்தனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்பு நாடிப் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். ‘நீங்கள் எவ்வூரார்?’ என்று கேட்பாருக்கு நம் பிள்ளைகள் விடை சொல்லத் தயங்குவதும் உண்டு.

அவர்களுக்குக் கொத்துமல்லி விடை சொல்லும். எங்கிருந்தோ வந்த அதனை இன்று எவரும் அயலது என ஒதுக்குவதில்லை. தன் மணத்தை அது இழக்கவும் இல்லை. கன்னடத்தார் ‘கொத்தம்பரி’ என்றும் நாம் ‘கொத்துமல்லி’ என்றும் அதனை அழைத்து, இரு வீட்டாரும் ஒரே சந்தையில் வாங்குகிறோம். பிறந்த நிலத்தை மறவாதிருப்பதும் வாழும் நிலத்திற்குப் பயன்படுவதும் முரணல்ல.

ஆதலின், பெற்றோர்களே, விடுமுறை நாளில் பிள்ளைகளைப் பூதிகோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோட்டையைக் காட்டியபின் வழியோரச் செடிகளையும் காட்டுங்கள். புங்கு, நொச்சி, ஆவாரை, தும்பை என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக்கொடுங்கள். அண்டை வீட்டாரிடம் கேட்டு அவற்றின் கன்னடப் பெயரையும் கற்கட்டும். பெயர் தெரிந்த செடி உறவாகிவிடும். உறவுள்ள மண் சொந்த மண்ணாகிவிடும்.