பொதிக் களஞ்சிய ஒத்திசைவு

பொதிக் களஞ்சிய ஒத்திசைவு என்பது லினக்சு வழங்கல் ஒன்றின் மென்பொருள் பொதிகளைக் கொண்ட முதன்மை வழங்கிக்கு ஏற்ப அதன் நகல் தளங்களை இற்றைப்படுத்தும் செயற்பாடு ஆகும். டெபியன் போன்ற வழங்கலின் முழுக் களஞ்சியம் பல டெராபைட்டு அளவுடையது. எனவே மாறியவற்றை மட்டும் பெறுவதும், தேவையற்றவற்றைத் தவிர்ப்பதும் இன்றியமையாதவை. இந்தியாவில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கணினி அறிவியல் துறை இத்தகைய நகல் தளத்தை நடத்தி வந்துள்ளது.

ஆர்சிங்க்

இப்பணிக்குப் பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருள் ஆர்சிங்க் ஆகும். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரசு ஆகியோர் இதனை 1996இல் வெளியிட்டனர். பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புத் தொகையைக் கணித்து அனுப்பும். அனுப்பும் கணினி அவற்றைப் புதிய கோப்புடன் ஒப்பிட்டு, பொருந்தாத பகுதிகளை மட்டும் அனுப்பும்.

ஆயினும் பொதிகளுக்கு இம்முறை பெரிதும் உதவுவதில்லை. புதிய பதிப்பு புதிய கோப்புப் பெயருடன் வருவதால், ஒப்பிடுவதற்குப் பழைய கோப்பு எளிதில் அமைவதில்லை. மேலும், சுருக்கப்பட்ட கோப்பில் சிறு மாற்றமும் அதற்குப் பின்வரும் பகுதியை முற்றிலும் மாற்றிவிடக்கூடும். பதிப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் வழங்கும் டெல்டா பொதிகள் ஃபெடோராவில் 2009 முதல் பயன்பட்டு, 2024இல் கைவிடப்பட்டன.

வீணாதலைத் தவிர்த்தல்

* தேவையான கணினிக் கட்டமைப்புகளையும் வெளியீடுகளையும் மட்டும் தெரிவு செய்தல். டெப்மிரர், ஆப்ட்-மிரர் ஆகியவை இதற்கு உதவுகின்றன.
* கோப்புகளின் நேர முத்திரையைப் பேணுதல். ஆர்சிங்க் இயல்பாக அளவையும் நேரத்தையும் கொண்டே மாறாத கோப்புகளைத் தவிர்க்கிறது. நேரம் பேணப்படாவிடில் அவையும் மீண்டும் ஒப்பிடப்படும்.
* களஞ்சியம் மாறும் கால இடைவெளிக்கேற்ப ஒத்திசைத்தல். டெபியன் களஞ்சியம் வழக்கமாக நாளொன்றுக்கு நான்கு முறை இற்றைப்படுத்தப்படுகிறது. மணிக்கொரு முறை ஒத்திசைப்பதால் பயனில்லை.
* வரிசையைக் கடைப்பிடித்தல். முதலில் பொதிகளும், பின்னர் அட்டவணைக் கோப்புகளும் பெறப்படவேண்டும். பழைய பொதிகள் இறுதியிலேயே நீக்கப்படவேண்டும். வரிசை மாறினால், அட்டவணையிலுள்ள பொதி தளத்தில் இல்லாமல் பயனரின் நிறுவல் தடைபடும்.

சிறு வலையமைப்புகள்

முழு நகல் தளம் எல்லா இடங்களுக்கும் சிக்கனமானதன்று. எடுத்துக்காட்டாக, எடப்பாடி போன்ற ஊரிலுள்ள கல்லூரி ஆய்வுக்கூடம் ஒன்றில் 40 கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 200 மெகாபைட்டு இற்றைப்பாடுகளைத் தனித்தனியே பெற்றால் மொத்தம் 8,000 மெகாபைட்டு செலவாகும். ஆப்ட்-கேச்சர்-என்ஜி போன்ற இடைச்சேமிப்பு வழங்கியை நிறுவினால், ஒரு கணினி முதலில் கேட்கும் பொதி அங்கேயே சேமிக்கப்பட்டுப் பிற கணினிகளுக்கும் வழங்கப்படும். அனைத்திற்கும் அதே பொதிகள் தேவைப்படின் இணையச் செலவு ஏறத்தாழ 200 மெகாபைட்டாகக் குறையும். அதே ஆய்வுக்கூடம் முழுக் களஞ்சியத்தையும் நகலெடுத்தால், எவரும் நிறுவாத பொதிகளுக்காகவே பெரும்பகுதிப் பட்டையகலம் வீணாகும்.