மடங்கள் வீடுகளாகும் காலம்

எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், பெண் கல்விக்கு வித்திட்ட கன்னியர் மடங்களை நன்றியோடு நினைவுகூருகின்றோம். அவை தோன்றிய கதையைப் பலரும் எழுதிவிட்டனர். அவை மூடப்பட்ட பின் என்னவாகின்றன என்பதை இம்மலரில் எழுத விரும்புகின்றோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பழைய கன்னியர் மடங்கள் பல நவீன தொடர்மாடி வீடுகளாக மாற்றப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. அருட்சகோதரிகள் செபித்த சிற்றாலயம் ஒருவரின் வரவேற்பறையாகின்றது.

இதற்குக் காரணம் எளிது. 1960 களுக்குப் பின் மேலை நாடுகளில் துறவறத்துக்கு வரும் பெண்களின் தொகை வேகமாகக் குறைந்தது. இருந்தவர்கள் முதுமையடைந்தனர். நூறு பேர் வாழ்ந்த கட்டிடத்தைப் பத்துப் பேர் பராமரிக்க இயலவில்லை. மறுபுறம், தடித்த சுவர், உயர்ந்த கூரை, நடுமுற்றம், நீண்ட விறாந்தை, நகரின் நடுவே நிழல்மரக் காணி என வீடு வாங்குவோர் தேடும் அனைத்தும் அங்கே இருந்தன. சகோதரிகளின் சிறு அறைகள் இரண்டு மூன்றை ஒன்றாக்கினால் ஒரு வீடு அமைந்துவிடும். சிற்றாலயம்தான் சிக்கல். அதன் உயரத்தின் நடுவே ஒரு தளம் போட்டால் வீடுகள் கூடும். ஆனால் அது ஆலயமாக இருந்ததன் அடையாளம் மறைந்துவிடும்.

வழிபாட்டு இடம் வேறு பயனுக்கு மாறுவது எமது கரைக்குப் புதிதன்று. வண்ணாத்திவில்லுக்கு மேற்கே, களப்புக்கு அப்பால் கற்பிட்டிக் கோட்டை நிற்கின்றது. போர்த்துக்கேயர் காலத்தில் அங்கு யேசு சபைக் குருமாரின் ஆலயம் இருந்தது. கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1667 இல் கோட்டை கட்டத் தொடங்கி 1676 இல் முடித்தனர். ஆலயம் இருந்த இடம் கோட்டைக்குள் அடங்கியது. செபித்த இடத்தில் படைவீரர் தங்கினர். இன்று அது கடற்படையின் பொறுப்பில் உள்ளது.

இதற்கு மாறான காட்சியை வடக்கே காணலாம். வில்பத்துக் காட்டினுள் பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கின்றது. சுற்றிவரக் காடுதான். ஆயினும் திருவிழாக் காலத்தில் எலுவன்குளம் வழியாக மக்கள் அங்கு போகின்றனர். ஓர் இடம் கட்டிடத்தால் மட்டும் வாழ்வதில்லை, அங்கு போகும் மக்களாலும் வாழ்கின்றது என்பதை அறிய நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை.

எனினும் கன்னியர் மடங்களுக்கு நேர்ந்ததை அறிய இரண்டு வெளிநாட்டு நகரங்களைப் பார்ப்பது பயனுள்ளது. முதலாவது சிங்கப்பூர். 1854 இல் அங்கு வந்த அருட்சகோதரிகள் விக்டோரியா வீதியில் குழந்தை இயேசு கன்னியர் மடத்தைத் தொடங்கினர். பாடசாலையோடு அநாதை இல்லமும் நடந்தது. பெற்றோர் வளர்க்க இயலாத குழந்தைகளை மடத்தின் சிறு வாயில் ஒன்றில் விட்டுச் சென்றனர். அருட்தந்தை சார்ல்ஸ் நைன் வரைந்த கோதிக் பாணிச் சிற்றாலயம் 1904 இல் நிறைவுற்றது. 1983 இறுதியில் பாடசாலை தோ பாயோவுக்கு இடம்பெயர்ந்தது. சிற்றாலயம் வழிபாட்டிலிருந்து நீக்கப்பட்டது. 1990 இல் சிற்றாலயமும் அதனருகே உள்ள கோல்ட்வெல் இல்லமும் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. 1996 இல் வளாகம் உணவகங்களும் கடைகளும் கொண்ட ‘சைம்ஸ்’ ஆகத் திறக்கப்பட்டது. மடத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்பெயருக்குள் இருக்கின்றன. சிற்றாலயத்தில் இன்று திருமண விருந்துகள் நடக்கின்றன. சுவர்கள் காப்பாற்றப்பட்டன, பழைய மாணவி ஒருவர் இன்றும் உள்ளே போகலாம், ஆனால் வாடிக்கையாளர்களில் ஒருவராகவே போகின்றார்.

இரண்டாவது, மெல்பேர்ணில் உள்ள அபட்ஸ்போர்ட் கன்னியர் மடம். நல்லாயன் சபைச் சகோதரிகள் நால்வர் பிரான்சின் ஆஞ்சே நகரிலிருந்து 1863 இல் வந்து அதைத் தொடங்கினர். அதே சபை 1869 இல் இலங்கைக்கும் வந்தது. கொட்டாஞ்சேனையில் அவர்கள் நடத்திய பாடசாலையை அறியாதார் இல்லை. அபட்ஸ்போர்ட்டில் பாடசாலையும் அநாதை இல்லமும் பெரிய சலவைக்கூடமும் இருந்தன. அங்கு வைக்கப்பட்டிருந்த பெண்கள் பலர் ஊதியமின்றித் துணி துவைத்தனர். அவர்களின் நினைவுகள் எல்லாம் இனியவை அல்ல. 1975 இல் சகோதரிகள் வளாகத்தை விற்றனர். பின்னர் அது உயர்கல்வி நிறுவனங்களின் கையில் இருந்தது. 1997 இல் அங்கு 289 தொடர்மாடி வீடுகள் அமைக்கும் திட்டம் வெளியானதும் அயலவர்கள் கூட்டணி அமைத்து எதிர்த்தனர். ஏழு ஆண்டுகள் போராடினர். 2004 இல் வளாகம் பொதுமக்களின் பயனுக்காக ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று கலைஞர்களின் வேலைக்கூடங்களும் தோட்டமும் அங்கு உள்ளன. 2017 இல் அது அவுஸ்திரேலியாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சலவைக்கூடத்தில் உழைத்த பெண்ணோ அவளது பேத்தியோ யாரிடமும் அனுமதி கேளாமல் அத்தோட்டத்துக்குள் போகலாம். அது 289 வீடுகளாகியிருந்தால் வெளிவாயில் வீட்டுக்காரருக்கு மட்டுமே திறந்திருக்கும்.

எமது நாட்டுக்கு வருவோம். திருக்குடும்ப சபைச் சகோதரிகள் 1862 இல் யாழ்ப்பாணம் வந்தனர். எமது பாட்டிமார் எழுத்தறிந்ததும் தையல் கற்றதும் அவ்வாறு வந்தவர்களாலும் அவர்களின் வழிவந்தவர்களாலும்தான். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதனால் பல இடங்களில் பாடசாலை அரசிடமும் மடம் சகோதரிகளிடமுமாக ஒரே வளவு இரண்டாகப் பிரிந்தது. பாடசாலையின் கதை ஒரு கோப்பிலும் மடத்தின் கதை இன்னொரு கோப்பிலுமாகப் பிரிந்ததும் அப்போதுதான்.

சட்டத்தின் துணை எவ்வளவு? 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதன நினைவுச்சின்னத்துக்கு 1815 மார்ச் 2 ஐ எல்லையாக வைத்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான நாள் அது. கற்பிட்டிக் கோட்டை அவ்வெல்லைக்குள் அடங்கும். 1862 இன் பின் வந்த சகோதரிகள் கட்டிய எந்த மடமும் தானாக அடங்காது. அதற்கு வர்த்தமானியில் தனி அறிவித்தல் வேண்டும். மறுபுறம், 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி ஒரு கட்டிடத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதலாம். முற்றமும் படிக்கட்டும் விறாந்தையும் உரிமையாளர் அனைவருக்கும் பொதுவாகின்றன. அங்கு வளர்ந்தவர்களுக்கு அவற்றில் பங்கில்லை.

மடங்கள் மாறவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பூட்டிக் கிடந்து கூரை இடிவதை விட மக்கள் குடியிருப்பது நல்லது. முதிர்ந்த சகோதரிகளின் பராமரிப்புக்குப் பணம் தேவை என்பதையும் அறிவோம். ஆனால் விற்பனை விளம்பரத்தில் வளைவுகளும் மரத்தூண்களும் ‘வரலாறு’ என்று விலை பெறும்போது, அவ்வளைவின் கீழ் நடந்த பெண்களின் பெயர்கள் அங்கே இடம்பெறுவதில்லை. உறுதியில் காணியின் எல்லைகள்தான் எழுதப்படும். பெயர்களைக் காப்பது பழைய மாணவியரின் வேலை.

அவ்வேலையை நாம் இப்போதே தொடங்கலாம். சேர்வு இடாப்புகளையும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் படமெடுத்து இரண்டு இடங்களில் வைக்கலாம். மடம், சிற்றாலயம், விடுதி, சமையற்கட்டு, கிணறு ஆகியவற்றை அளந்து வரைபடமாக்கலாம். எண்பது வயது கடந்த சகோதரிகளிடமும் மாணவியரிடமும், விடுதியில் சமைத்தவர்களிடமும், கேட்டுப் பதிவு செய்யலாம். கசப்பான நினைவுகளையும் விடாமல் எழுதலாம். எந்தக் கட்டிடமாவது கைமாறும் நிலை வந்தால், முற்றமும் சிற்றாலயமும் ஆண்டில் ஒரு நாளாவது எல்லோருக்கும் திறந்திருக்கும் என்ற நிபந்தனையை உறுதியிலேயே எழுதுமாறு கேட்கலாம். உறுதி முடிந்த பின் அதைக் கேட்க எமக்கு உரிமை இராது.

இம்மலரை வாசிக்கும் சகோதரிகள் தம்மிடமுள்ள பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் இன்றே பெயர்களை எழுதி வைக்குமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.