புத்தூர்க் கட்டும் பெயர்ப் பலகையும்

நாட்டு மருத்துவம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் வைத்தியன் இல்லை. நாட்டு மருந்துச் சரக்கு வாங்கி விற்கும் வியாபாரி. கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தது கொஞ்சம், பெரியவர்களிடம் கேட்டது கொஞ்சம். அதில் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

புத்தூர்க் கட்டு என்ற பெயரை அறியாதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். அந்தப் புத்தூரை ஒட்டிய ஊர்தான் கார்வேட்டிநகரம். ஒரு காலத்தில் ஜமீன் தலைநகரம். அங்குள்ள வேணுகோபால சுவாமி பேரில் சாரங்கபாணி பாடிய தெலுங்குப் பதங்கள் இசை அறிந்தோர்க்குத் தெரியும். வடஆர்க்காட்டோடு இருந்த இந்தப் பகுதி 1911-இல் சித்தூர் மாவட்டம் ஆனது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. கார்வேட்டிநகரமும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது புத்தூர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கார்வேட்டிநகரம் சித்தூரிலேயே இருந்தது. எத்தனை கோடு போட்டாலும் கை கால் முறிந்தவர்கள் இருபுறமிருந்தும் புத்தூருக்குத்தான் போனார்கள்.

நானும் போனேன். 1970-ஆம் வருஷம், எனக்குப் பத்து வயது. அப்பா ஆரணியிலிருந்து அந்தப் பக்கம் கடுக்காய், நன்னாரி வாங்கப் போவார். அந்த முறை என்னையும் கூட்டிப் போனார். கார்வேட்டிநகரத்துப் புஷ்கரிணிப் படிக்கட்டில் ஓடி விளையாடி விழுந்தேன். இடது முன்கை முறிந்தது. மாட்டுவண்டியில் படுக்க வைத்துப் புத்தூரை ஒட்டிய ராச்சபாளையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ராஜு வம்சத்தார் பரம்பரையாகக் கட்டுப் போடுகிறார்கள். 1881-இல் கேசவராஜு என்பவர் தொடங்கியது என்பது அவர்கள் வழக்கு. வேட்டைக்குப் போன இடத்தில் பச்சிலையின் குணம் தெரியவந்ததாகக் கதை சொல்வார்கள்; ஆளுக்கொரு விதமாகவும் சொல்வார்கள். கதையை விடுங்கள், அந்த ஆண்டைக் கவனியுங்கள். ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தது 1895-இல். அதற்குப் பதினான்கு வருஷம் முன்பே, உள்ளே எலும்பு எப்படி விலகியிருக்கிறது என்பதை விரலால் தடவித் தெரிந்துகொண்டு இவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

என் கையைத் தடவிய பெரியவரின் விரல்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. மெதுவாக இழுத்து எலும்பைப் பொருத்தினார். பச்சிலை விழுது, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை, அதன் மேல் கட்டு. பக்கத்தில் வீட்டுப் பையன் ஒருவன், என்னைவிட நாலைந்து வயது மூத்தவன், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரியவர் அவன் விரலை எடுத்து முறிவின் மேல் வைத்து அழுத்திக் காட்டினார். கட்டி முடித்ததும் "விரலை ஆட்டுடா" என்றார். ஆட்டினேன். "பர்வாலேது" என்று சிரித்தார். அந்தப் பையன் கற்ற பாடசாலை அதுதான். புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை. நூற்றுக்கணக்கான கைகளைப் பிடித்துப் பிடித்து விரலுக்கு ஏறுகிற படிப்பு.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நாங்கள் சமணர். முட்டை என்றதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தர் மாமிசம், மது, தேன் மூன்றையும் விலக்கிக் கல்யாணகாரகம் என்ற மருத்துவ நூல் செய்த மரபு எங்களுடையது. அன்னம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்ற நான்கு தானங்களில் ஔஷதமும் ஒன்று. கடைசியில் "பிள்ளை கை முக்கியம், போடுங்க" என்றார். மறுநாள் அவர் உபவாசம் இருந்தார். என் கை நேராகவே கூடியது. இன்றும் அந்தக் கையால்தான் தராசு பிடிக்கிறேன்.

என் கையைக் கட்டிய அதே 1970-இல்தான் தில்லியில் இந்திய மருத்துவ மையக் குழுச் சட்டம் வந்தது. பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரே வைத்தியம் பார்க்கலாம் என்றது அது. மாநிலப் பதிவேடு இல்லாத இடத்தில், அன்றைக்கே ஐந்து ஆண்டு தொழில் செய்துவந்தவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 2020-இல் அதன் இடத்தில் வேறு சட்டம் வந்தது. பட்டமில்லாத பரம்பரை வைத்தியர்கள் தொழில் செய்ய முடியாது என்று 2018-இல் கேரள வைத்தியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கல்லூரிகள் வந்ததைக் குறை சொல்லவில்லை. சென்னையில் 1920-களிலேயே அரசு இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. திருப்பதியில் 1983-இல் தேவஸ்தானம் ஆயுர்வேதக் கல்லூரி தொடங்கியது. ஐந்தரை வருஷம் படித்து வருகிறார்கள், நல்லதுதான். ஆனால் விரலால் படித்தவனை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அதற்குச் சரியான பதில் இன்னும் இல்லை. இந்தியத் தரக் குழுமம் பாரம்பரிய வைத்தியர்களின் திறமையைச் சோதித்துச் சான்று தரும் விருப்பத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அது நல்ல முயற்சி. ஆனால் அந்தச் சான்று தொழில் உரிமம் ஆகாது.

இந்த இடைவெளியில் புகுந்தது பெயர்ப் பலகை. பச்சிலையை வீட்டு ரகசியமாகக் காத்தார்கள். பெயரைக் காக்க முடியவில்லை. இன்று எந்த நகரத்துத் தமிழர் தெருவுக்குப் போனாலும் "ஒரிஜினல் புத்தூர்க் கட்டு" என்று பலகை தொங்குகிறது. அதில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்களும் உண்டு. புத்தூரைப் பேருந்தில் தாண்டிப் போனதோடு சரி என்பவர்களும் உண்டு.

சரக்கு வியாபாரத்தில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நன்னாரி என்று கேட்டால் மாகாளிக் கிழங்கு வரும். வாசனை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏலாதி என்ற பெயரில் ஏலம் முதல் சுக்கு வரை ஆறு சரக்கு, ஒன்று முதல் ஆறு வரை பங்கு. அந்தப் பெயரில் நூல் செய்தவர் சமணர். கணக்கு எல்லோருக்கும் தெரியும். எது அசல் சரக்கு என்பதைக் காட்டிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும். என் அப்பா எனக்கு மோந்து காட்டினார், கடித்துக் காட்டினார். என் மகனுக்கு நான் காட்டினேனா என்றால், பாக்கெட்டில் அச்சடித்ததைத்தான் காட்டினேன்.

இப்போது உறுத்தலுக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் வண்டியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். அவன் தாயார் என்னிடம் கேட்டார்: "ஐயா, உங்களுக்குத்தான் புத்தூர்க் கட்டு போட்டாங்களே, இங்க போகலாமா?" பக்கத்தில் இருந்த ஒரு பலகையைக் காட்டி, போங்கம்மா என்றேன். யாரிடம் கற்றார் என்று நான் விசாரிக்கவில்லை. கட்டு இறுக்கமாகப் போய்விட்டது. விரல் நீலம் பாய்ந்து வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கை தப்பியது, ஆனால் இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. அந்தத் தாயார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பாரம்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு என் விண்ணப்பம் இது. முறிவு என்றால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், தலை, முதுகெலும்பு என்றால் நேரே ஆஸ்பத்திரிதான். கட்டுப் போட்ட பின் விரல் சில்லிட்டாலோ, மரத்தாலோ, நீலமானாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே கட்டைத் தளர்த்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டுப் போடப் போனால் வைத்தியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, எத்தனை வருஷம் கூட இருந்தீங்க?" உண்மையில் கற்றவர் கோபப்பட மாட்டார். தன் குருவின் பெயரைச் சொல்லும்போது அவர் முகம் மலரும்.

அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. நீங்கள் கேளுங்கள்.